கூட்டிக் கழிக்காத கணக்கு

டான் கோர்லின் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி, 1982இல் ப்ரோடர்பண்ட் வெளியிட்ட 'சாப்லிஃப்டர்' விளையாட்டில் ஸ்கோர் கிடையாது. திரையின் மேலே மூன்று எண்கள் மட்டும்: இறந்தவர்கள், ஹெலிகாப்டருக்குள் இருப்பவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள். எதிரி மண்ணில் நான்கு கட்டடங்கள், 64 பணயக்கைதிகள். ஒரு நடைக்கு 16 பேரைத்தான் ஏற்றலாம். டாங்கியைச் சுட்டு நொறுக்கினால்? எந்த எண்ணும் ஏறாது.

நான் பிறப்பதற்கு முன்பே வந்த விளையாட்டு, எமுலேட்டரில்தான் ஆடினேன். இதன் விசித்திரம் புரிய, 1981இல் வந்த 'டிஃபெண்டர்' என்ற ஆர்கேட் விளையாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். அதிலும் மனிதர்களைக் காப்பாற்றும் வேலை உண்டு. விழும் மனிதனைப் பிடித்தால் 500 புள்ளி, கடத்த வரும் அந்நியக் கலத்தைச் சுட்டால் 150. இரண்டும் ஒரே உண்டியலில் விழும். அப்புறம் எது மீட்பு, எது வேட்டை என்று பிரித்தெடுக்க முடியாது.

கோர்லின் கூட்டவே விடவில்லை. 60 பேரைக் கொண்டுவந்து சேர்த்தாலும், இறந்த 4 பேர் 4 பேராகவே நிற்பார்கள். 'கூட்டிக் கழிச்சுப் பாத்தா லாபம்தானே?' என்று மனசு கேட்கும். விளைவை மட்டும் எடைபோடும் அறவியலில் அது நியாயமான கேள்விதான். மென்பொருள் வேலையில் நாங்களும் தினமும் அதையே கேட்கிறோம். பத்து அளவீடுகளை ஒரே எண்ணாகச் சுருக்கி டாஷ்போர்டில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கூட்டுத்தொகையின் வசதி அது: உள்ளே யார் கழிந்துபோனார் என்று காட்டாது.

இன்னொன்று. கைதிகள் டாங்கிக் குண்டில் சாகலாம். நாம் சுடும் குண்டிலும் சாகலாம். கையசைத்து ஓடிவருபவர் மேலேயே அவசரத்தில் இறங்கிவிடலாம். எல்லாச் சாவும் ஒரே எண்ணில் ஏறும். 'நான் வேணும்னு செய்யல' என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை. முதலில் இது அநியாயமாகப் பட்டது. நோக்கத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. சுட்டவரை எடைபோட அது வேண்டும். செத்தவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த முதல் எண் செத்தவரின் பக்கம் நின்று எண்ணுகிறது.

ஆனாலும் இந்தக் கணக்கேடும் முழு யோக்கியம் இல்லை. டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு நான்காவது எண் கிடையாது. வெடித்ததும் திரையிலிருந்து போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். எதை எண்ணுவது என்று முடிவெடுக்கும்போதே, யாருக்காக வருந்துவது என்பதும் முடிவாகிவிடுகிறது. கூட்ட மறுத்த விளையாட்டிலேயே இத்தனை பேர் விடுபட்டார்கள் என்றால், ஒற்றை எண்ணை வைத்து ஓட்டும் நம் திரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.