வெறும் கை

சென்ற கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் விடாத தூறல். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் முதல் நாள் இரவே நடந்து தீர்த்துவிட்டதால் கால்கள் கெஞ்சிக்கொண்டிருந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காள் மகன் ஒரு சீட்டுக் கட்டோடு வந்து, "மாமா, உங்களுக்கு ஒரு புது ஆட்டம் சொல்லித் தர்றேன்" என்றான்.

எங்கள் வீட்டில் சீட்டுக் கட்டு என்றால் கள்ளுக்கடைக்கு அடுத்த வாசல். ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்த ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே காசு வேண்டாம் என்று தீர்மானித்தோம். பல்லாங்குழிக்காக டப்பாவில் வைத்திருந்த புளியங்கொட்டைகளை அக்கா ஆளுக்கு 40 எண்ணிக் கொடுத்தாள். அவளையும் மூன்றாம் கையாக உட்கார வைத்தோம்.

போக்கர் என்ற ஆட்டத்தில் ஒரு வகை இது. ஆளுக்கு ஏழு சீட்டு. முதலில் இரண்டைக் கவிழ்த்தும் ஒன்றைத் திறந்தும் போடுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக மூன்று, திறந்தபடி. கடைசிச் சீட்டு மறுபடியும் கவிழ்ந்து வரும். ஒவ்வொரு தடவையும் நடுவில் கொட்டை வைக்க வேண்டும். மனமில்லாதவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஏழில் ஐந்தைப் பொறுக்கிக்கொள்வது அவரவர் பாடு. விசேஷம் முடிவில்தான் இருக்கிறது. குவிந்ததில் பாதி, மிக உயர்ந்த கைக்கு. மறு பாதி, மிகத் தாழ்ந்த கைக்கு! ஆஸ் என்பது ராஜாவுக்கு மேலேயும் உட்காரும், இரண்டுக்குக் கீழேயும் உட்காரும். ஆஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து சேர்ந்தால் அதைவிடத் தாழ்ந்தது கிடையாது.

ஆனால் சீட்டைக் காட்டுமுன், எந்தப் பாதிக்கு நிற்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். முதுகுக்குப் பின்னே கையை மூடிக்கொண்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் முன்னே நீட்டித் திறக்க வேண்டும். ஒரு கொட்டை இருந்தால் உயர்வுக்கு. இரண்டு இருந்தால் இரண்டுக்குமே. அப்படிப் பேராசைப்பட்டவன் ஒன்றில் தோற்றாலும் எல்லாம் போயிற்று. வெறும் கையானால் தாழ்வுக்கு.

"இது அடிமுடி தேடின கதைடா" என்றேன். இந்த ஊரில் வேறென்ன தோன்றும்? லிங்கோத்பவருக்கு மேலே அன்னம், கீழே பன்றி. திருமால் அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமன் முடியைக் கண்டதாகத் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்து, கோயிலில்லாமல் போனார்.

"அந்தத் தாழம்பூ இந்த ஆட்டத்தில் செல்லுமா?"

"எல்லாரும் பயந்து கவிழ்த்துட்டா செல்லும் மாமா. அப்புறம் உங்க சீட்டை யாரும் பார்க்க முடியாது. ஒருத்தர் நகராம உட்கார்ந்திருந்தா போச்சு."

முதல் சில ஆட்டங்களில் எனக்கு ஒரே பரவசம். தாழ்ந்தவனுக்கு எங்கே ஐயா பாதி கொடுக்கிறார்கள்? ஒரு மணி நேரம் கழித்து என்னையே கவனித்தேன். ராஜா வந்தால் முகம் சுளித்தேன். இரண்டு வந்தால் கர்வப்பட்டேன். பரிசு வைத்தவுடன் தாழ்மையும் ஓர் உயரமாகிவிட்டது. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்று சொல்லிக்கொண்டபோது அவருக்கு எதிரே போட்டிக்கு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நான் மேடைகளில், "நான் ஒரு சாதாரண எழுத்தாளன்" என்று சொல்லிவிட்டு, தலைவர் மறுப்பதற்காகச் சற்று நிறுத்துகிறவன்.

அக்காவுக்கு எட்டும் ஒன்பதுமாகவே வந்துகொண்டிருந்தன. அவள் கொட்டைகள் கரைந்தன.

"நடுவுல இருக்கறவளுக்கு என்னடா?" என்று மகனைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நடுவுல இருக்கறவங்க போட்டதைத்தானே மத்த ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறாங்க!"

அவன் ஆட்டத்தைத்தான் சொன்னான். எனக்கு 2009-ல் ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தின் பெஞ்சு நினைவுக்கு வந்தது. அப்பா தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை விற்றோம். உயில் கிடையாது. அத்தகைய சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. 2005-ல் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்திலும் அதைக் கொடுத்தது. எங்களுக்குத் தெரியாததில்லை. அண்ணா குடும்பத்துக் கடனை அடைத்தவர், என்னை இரண்டு வருஷம் கல்லூரியில் படிக்க வைத்தவர். அவர் கையில் ஒரு கொட்டை. நான் மாதச் சம்பளம் இல்லாதவன், எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு வெறும் கை. ஆளுக்குப் பாதி. அம்மாவைக் கடைசி ஆறு வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்ட அக்கா, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளாகவே விட்டுக்கொடுத்ததாக ஊரில் சொன்னோம்.

அந்த வருஷந்தான் நான் ஒரு படத்துக்குக் கதை கொடுத்துப் பணம் வாங்கியிருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை. சீட்டாட்டத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். விதி தெரிந்து, சம்மதித்துத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள். அக்கா எந்த விதிக்குச் சம்மதித்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள்? ஆட்டம் நடக்கிறது என்றாவது அவளுக்குத் தெரியுமா?

இறைவன் அம்மனுக்கு இடப்பாகம் தந்த தலம் இது என்பது ஐதிகம். முதல் நாள் மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மூவரும் மாடிக்கு ஓடி மலைமேல் தீபத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் என் முன்னால் திறந்திருந்த நான்கும் ஆறுக்கு உட்பட்டவை. நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். தாழ்வின் பாதி அக்காவுக்குப் போயிற்று.

அவள் கொட்டைகளை வாரவில்லை. "எனக்காகத் தோக்காதேடா. ஆடறதா இருந்தா சரியா ஆடு" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணாவுக்கு ஒரு கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். அக்காவின் பங்கைப் பற்றித்தான். செங்கம் தாண்டும்வரை முதல் வாக்கியம் அமையவில்லை. எப்படி ஆரம்பித்தாலும், 'என் நிலைமை உங்களுக்குத் தெரியும்' என்றே வந்து நின்றது.