விட முடியாத பை

ஒருவர் செய்த செயலால் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்றால், அச்செயலில் குற்றமில்லை என்று கொள்ளலாமா? ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இவ்வினா எனக்குப் புதிதன்று. கல்லெறிந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால், "யார் மேலும் படவில்லையே, டீச்சர்" என்றுதான் முதலில் சொல்லும். நானும் ஏதோ ஒரு விடை கூறி அனுப்பியிருப்பேன். எழுபத்து நான்காம் வயதில் அவ்வினா என்னிடமே திரும்பி வந்தது.

நானும் என் தங்கையும் ஸ்ரீ சம்மேத சிகர்ஜி யாத்திரையை முடித்துக்கொண்டு, கொல்கத்தாவிலிருந்து விமானத்தில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய மலையைத் தரிசித்த நிறைவு மனத்தில் இருந்தது. (மலை ஏறியது நானல்லேன், டோலி தூக்கிய இருவர். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மின்கம்பி கருகுவது போன்ற நாற்றம் எழுந்தது. பின்னிருக்கைகளின் பக்கம் மெல்லிய புகை தெரிந்தது. விசாகப்பட்டினத்தில் இறங்கப் போவதாக அறிவித்தார்கள். பணிப்பெண்கள் வரிசை வரிசையாக வந்து, தலையைக் குனிந்து முன்னிருக்கையைப் பற்றிக்கொள்ளும் முறையைக் காட்டினார்கள். அழுகையும் கூச்சலும் எழும் என்று நினைத்தேன். எழவில்லை. அத்தனை பேர் இருந்த இடத்தில் அப்படியொரு அமைதியை நான் தேர்வுக்கூடத்தில்கூடக் கண்டதில்லை.

பஞ்ச நமஸ்காரம் சொல்லத் தொடங்கினேன். உதடுகள் சொல்லின. மனமோ தலைக்கு மேலிருந்த என் கைப்பையில் கிடந்தது. அதில் நகை இல்லை, பணமும் பெரிதாக இல்லை. என் தாயார் தம் கையால் தோத்திரங்களை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இருந்தது. மலையில் ஒவ்வொரு திருவடி முன்பும் அதைப் பார்த்துத்தான் பாடினோம்.

விமானம் தரையில் நின்றதும், எதையும் எடுக்காமல் உடனே வெளியேறுமாறு உத்தரவு வந்தது. நான் எழுந்தேன்; மேல்தட்டைத் திறந்தேன்; பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். அது யாருடைய பெட்டியிலோ சிக்கிக்கொண்டது. மீண்டும் இழுத்தேன். "மாஜி, மாஜி" என்று பணிப்பெண் கத்தினாள். "அக்கா, விடுங்கள்!" என்று தங்கை என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், நடைவழியில், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை.

சறுக்குப் பாதையில் இறங்கினோம். எவருக்கும் காயமில்லை. புகைக்குக் காரணம் சிறிய பழுதுதான் என்றார்கள். மாலையில் பையும் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோரும் "பகவான் அருள்" என்றார்கள். பகவான் அருளவும் மாட்டார், தண்டிக்கவும் மாட்டார் என்பதை நம் வீட்டாருக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது!

நான் அங்கே வீணாக்கியது பத்து நொடி இருக்கலாம். அது எவ்வளவு பெரிது என்பதைப் பிறகு படித்தறிந்தேன். புதிய வகை விமானம் ஒன்றுக்கு ஒப்புதல் தருமுன், வாயில்களில் பாதி மூடப்பட்டிருந்தாலும் 90 நொடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டுமாம்.

2024 ஜனவரி 2ஆம் நாள், தோக்கியோவின் ஹனேதா நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதையில் வேறொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. ஒலிபெருக்கி அமைப்பு பழுதானது. மூன்று வாயில்களே பயன்பட்டன. இருந்த 379 பேரும் பிழைத்தார்கள். பெட்டிகளை விட்டுவிட்டு வந்ததே இதற்கு ஒரு காரணம் என்று பலரும் எழுதினார்கள். மோதிய கடலோரக் காவல் படை விமானத்தில் ஐவர் மாண்டனர். நிலநடுக்கத்தால் துயருற்றோருக்கு உதவிப் பொருள் கொண்டு செல்ல இருந்தவர்கள். பயணிகள் விமானத்தின் சரக்கறையில் இருந்த இரண்டு வளர்ப்புப் பிராணிகளும் பிழைக்கவில்லை. விமானத்தின் கணக்கில் அவையும் சரக்கு. நம் கணக்கில் அவையும் உயிர் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2016 ஆகஸ்ட் 3ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து சென்ற விமானம் துபாயில் தரையில் மோதியபோது, புகைக்கு நடுவே பலர் பைகளைத் தேடி எடுத்ததைப் படக்காட்சி காட்டியது. விமானத்திலிருந்த 300 பேரும் தப்பினர்; தீயணைப்பு வீரர் ஒருவர் வெடிப்பில் இறந்தார். அப்பயணிகளை அன்று நான் கடுமையாகப் பேசினேன். அவர்கள் பைகளிலாவது பாஸ்போர்ட்டும் பிழைப்பும் இருந்திருக்கும்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பொன், நிலம், வீடு என்று அடுக்கவில்லை. மூர்ச்சை என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறார். பேச்சுத்தமிழில் அதை மயங்கி விழுவதற்கே வழங்குகிறோம். அவர் சொல்வது 'என்னுடையது' என்னும் மயக்கத்தை. மிகுபொருள் விரும்பாமை என்ற விரதத்தை ஏற்று, சேலைகளையும் பாத்திரங்களையும் எண்ணிக் குறைத்தவள் நான். நோட்டுப் புத்தகத்தை எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. அது தோத்திரம், பொருளன்று என்பது என் வாதம்.

ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போதும் அவர் பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையைத்தான் முன்னே வைக்கிறார். உயிர் போயிற்றா, இல்லையா என்ற கணக்கு அதற்குப் பின்னது. உலக வழக்கு வேறு. அங்கே விளைவைப் பார்த்துத்தான் தீர்ப்பு. அவ்வழக்கின்படி நான் குற்றமற்றவள்.

அச்சத்தில் கை தானாகப் போயிற்று, அதற்கு மனம் பொறுப்பாகாது என்று தங்கை எனக்காகப் பரிந்து பேசுகிறாள். அப்படியிருந்தால் நானும் ஆறுதல் அடைவேன். ஆனால் வாரை இரண்டாம் முறை இழுத்தபோது, 'இது மற்றவர்கள் எடுக்கும் பெட்டி போன்றதன்று' என்று நான் நினைத்தது தெளிவாக நினைவிருக்கிறது. நினைத்துத்தான் இழுத்தேன். குழந்தை எனக்குப் பின்னால் இருந்தது. தீ உண்மையாக இருந்திருந்தால், அந்தத் தோத்திரங்களை நான் எந்த வாயால் பாடியிருப்பேன்?

நோட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தங்கைக்கும் பேத்திகளுக்கும் கொடுத்துவிட்டேன். மூலத்தை எங்கள் ஊர் ஜினாலயத்தில் கொடுத்துவிடலாம் என்று தங்கை சொன்னாள். சரி என்றேன். ஐந்து மாதமாயிற்று. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.