எதிர் வெளிச்சம்

அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் தீபாவளி பிஸ்கட்டு சுடும் ஓவனில் என் மைவி காரின் ஹெட்லைட்டை வைத்துச் சுட்டேன்.

பம்பரைக் கழற்றி, விளக்கை வெளியே எடுத்து, பல்புகளை உருவிவிட்டு, 100 டிகிரியில் பத்து நிமிடம். முன்மூடியையும் பின்கூட்டையும் பிடித்து வைத்திருக்கும் பியூட்டைல் பசை இளகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஸ்குருடிரைவரால் நெம்பினால், பாட்டி பால்வெட்டிய காலத்து ஒட்டுப்பால் மாதிரி நூல்நூலாக இழுபட்டுக்கொண்டு பிரியும். உள்ளே பளபளத்த குரோம் சட்டத்துக்கு மங்கல் கறுப்பு அடித்தேன். அதைச் சுற்றி வெள்ளை எல்இடி வளையம். பி.எம்.டபிள்யூ 2000-ஆம் ஆண்டு 5 சீரிஸ் கார்களில் கொண்டுவந்த அந்த 'ஏஞ்சல் ஐஸ்' வளையம்தான். என் பழைய மைவிக்கு ஒரு ஜெர்மன் கண்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. வளையம் பால்போல் வெள்ளை. நடுவில் எரியும் ஹாலோஜன் பல்போ 3200 கெல்வின் மஞ்சள். வெள்ளை வேட்டியில் குழம்புக்கறை மாதிரி இருந்தது. அதனால் பல்பையும் 6000 கெல்வின் எல்இடிக்கு மாற்றினேன். பார்ப்பதற்காக இல்லை, பார்க்கப்படுவதற்காக. எல்லாம் சேர்த்து இருநூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. அந்த வருடத் தீபாவளி பிஸ்கட்டில் லேசாக ரப்பர் வாடை அடித்தது. அம்மா இன்றுவரை மார்ஜரினைத்தான் சந்தேகப்படுகிறார்.

இதையெல்லாம் அற்ப ஆசை என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். யாரோ எங்கேயோ வடிவமைத்த பலகைகளை அளந்து, சரி, தவறு என்று குறிப்பதுதான் வேலை. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த பிறகு, என் சொந்த விருப்பத்துக்காக நான் திறந்து பார்த்த முதல் பொருள் அந்த ஹெட்லைட். கார் வாங்கித் தரும் கௌரவத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாதவன், கையால் செய்துகொள்கிறான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு ஒரு தத்துவத் துணையும் இருந்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூல். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவன் விருப்பத்தில் சமூகம் கைவைக்கலாம். அவனை மட்டும் சார்ந்ததில் அவனே அரசன். ஒட்டுக்கடையில் நண்பர்களிடம் இதை வைத்து நிறைய வாதாடியிருக்கிறேன். வளையமும் கறுப்பும் என்னுடையவை, ரோட்டில் விழும் வெளிச்சம் மட்டும்தான் பொது, அதை நான் தொடவில்லை என்பேன். பல்பை மாற்றியது? அதுவும் லோ-பீம்தானே, சுவிட்ச் கீழேதானே இருக்கிறது!

அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார். பாடாங் செராயிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்கு இரவு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேலை. ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். லீவு போட மாட்டார். துணைக்கு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். செம்பனைக்காட்டுக்கு நடுவே போகும் குறுக்கு ரோட்டில் விளக்குக் கம்பம் கிடையாது. எதிரே கார் வரும்போதெல்லாம் அப்பா வேகத்தைக் குறைத்து, முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என்னவென்று கேட்டேன்.

"கண்ணு கூசுதுப்பா. அந்த நேரத்துல இந்த ஓரத்து வெள்ளக்கோட்ட மட்டும் புடிச்சிக்கிட்டுப் போவேன். கோடு இல்லாத எடத்துல நிறுத்திருவேன்."

அவருக்கு 58 வயது. ஒரு கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. வயதான கண்ணின் வில்லை வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கூச்சம் தெளியவும் அதிக நேரம் எடுக்கும் என்பது நான் படித்ததுதான். அவரோடு அதைச் சேர்த்து யோசித்ததில்லை. கொஞ்ச தூரம் போனதும் வெள்ளை வளையத்தோடு ஒரு கார் கடந்தது. அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "நீதானோன்னு நெனச்சேன். போன வாரம் இதே எடத்துல நீ எதுக்கால வந்த. ஓரங்கட்டி நிறுத்திட்டேன்."

பின்னால் பன்னிரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போன வாரமும் இருந்திருப்பார்கள்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"ஆசையா செஞ்சிருக்க."

மறுநாள் நான் செய்தது, ஒரு எஞ்சினியர் செய்யக்கூடியது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆரம்பப் பள்ளியின் மதில்சுவருக்கு 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கைப் போட்டேன். ஒழுங்கான லோ-பீம் சுவரில் ஒரு கோடு போடும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. பொதுவாக அந்தக் கோடு 10 மீட்டரில் விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். என் கோடு விளக்குக்கு மேலே இருந்தது. திரும்பப் பொருத்தும்போது சாய்மானம் ஏறக்குறைய ஒரு பாகை மாறியிருக்கிறது. ஒரு பாகை என்பது கையில் ஒன்றுமில்லை. 50 மீட்டரில் அது 87 சென்டிமீட்டர். எதிரே ஒரு சின்னக் காரில் வருபவரின் கண் உயரத்துக்குப் போய்விடும்.

வேனில் அப்பா அதைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே? அது பல்பின் வேலை. எச்4 பல்பில் லோ-பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். மேல்நோக்கித் தெறிக்கக்கூடிய வெளிச்சத்தை அது மறைத்துவிடும். பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டது. அந்த இடத்தில் எல்இடி சில்லை வைத்தால், ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும். என் கோட்டுக்கு மேலே இருட்டே இல்லை, வெள்ளைப் புகை மாதிரி ஒரு படலம் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரை வரைக்கும் ஏறியிருந்தது.

அந்தக் கோட்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நேர்கோடே இல்லை. நம் ஊர் விளக்குகளில் இடப்பக்கம் மேலே ஏறும், வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். இடது ஓரத்தில் நடந்து போகிறவரை எனக்குக் காட்ட வேண்டும், வலப்பக்கம் எதிரே வருகிறவரைக் கூசவைக்கக் கூடாது. ஐரோப்பாவில் 1957-இல் இந்தச் சமச்சீரற்ற கற்றை வந்தது. என்னைப் பொறுத்தவரை அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். இருட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வருகிறார்கள், யாருக்கு எவ்வளவு பார்வை என்று முன்கூட்டியே எழுதி பிளாஸ்டிக்குக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் ஓவனில் வைத்து உடைத்தேன், அழகுக்காக. மில்லை வைத்து நான் போட்ட கணக்கில் வளையம் ஒருபக்கம், வெளிச்சம் ஒருபக்கம். விளக்குக்குள் அப்படிச் சுவர் எதுவும் இல்லை. வளையத்துக்காகப் பல்பு மாறியது, சட்டத்துக்காகச் சாய்மானம் மாறியது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த மாதங்களில் எதிரே வந்தவர்கள் பலமுறை எனக்கு ஹை-பீம் அடித்திருக்கிறார்கள். நானும் பதிலுக்கு அடித்திருக்கிறேன். "லோ-பீம்தான்டா போட்டிருக்கேன், பாத்துக்க" என்று காட்டுவதற்காக. நான் சொன்னது உண்மை. சுவிட்ச் கீழேதான் இருந்தது. உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவரின் கண்ணில் இரண்டாவது தடவையும் அடித்திருக்கிறேன். என் விளக்கின் கூச்சம் என் சீட்டுக்கு வராது. வேலையிடத்தில் எல்லாவற்றுக்கும் கருவி வைத்திருப்பவன் நான். இதற்கு இருந்த ஒரே கருவி எதிரே வருபவரின் கண். அது எனக்குக் காட்டிய அளவை வசவு என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டி ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவார்கள். நிரையில் எதிரே இன்னொரு ஆள் வந்தால், பேசுவதற்கு முன்பே தலை தானாகக் குனியுமாம். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன். "மரியாதயும் இல்ல மண்ணும் இல்ல. நிமுந்தா அவ மூஞ்சில அடிக்கும்" என்றார்.

இதை என் தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. "ண்ணே, பெரிய எஸ்யூவி எல்லாம் கம்பெனியிலேயே அந்த வெளிச்சத்தோடதான வருது? அதுக்கு சம்மன் உண்டா? ரோட்டுல மறிக்கிறது நம்மளத்தான்." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற விளக்குதான், ஆனால் உயரத்தில் இருப்பதால் முன்னால் தாழ்ந்த காரில் போகிறவரின் கண்ணாடிகளில் நேரே அடிக்கிறது. பழைய சாகாவில் கறுப்பு அடித்த பையனைப் பார்க்கும் பார்வை வேறு, அந்த எஸ்யூவியைப் பார்க்கும் பார்வை வேறு. சட்டம் அளப்பது கூச்சத்தையா, ஆளையா என்று சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் அன்று செம்பனைக்காட்டில் வேனை ஓரங்கட்டியவருக்கு எதிரே வந்தது எஸ்யூவி இல்லை.

எல்இடியைக் கழற்றிவிட்டு ஹாலோஜனைத் திரும்பப் போட்டேன். பள்ளி மதிலில் டேப் ஒட்டி, திருகைக் கால்சுற்றுக் கால்சுற்றாகத் திருப்பிக் கோட்டை இறக்கினேன். வளையத்தை எடுக்கவில்லை. மனசு வரவில்லை. வெள்ளை வளையத்துக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம். தம்பி அதை 'அவிச்ச முட்டை' என்கிறான்.

சுவரில் கோடு சரியாக இருந்தும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு ராத்திரி அப்பாவை அதே குறுக்கு ரோட்டில் வேனோடு நிற்கச் சொல்லிவிட்டு, தூரத்திலிருந்து அவரை நோக்கி ஓட்டி வந்தேன். மூன்று தடவை. கடைசியில் அவர் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

"கூசுதாப்பா?"

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் கை இன்னும் நெற்றிக்கு மேலேதான் இருந்தது.