நடுவுநிலைமையும் ஆட்டக்களமும்

நீதி என்றவுடன் நம் நினைவு நீதிமன்றத்தை நாடுகிறது, ஆட்டக்களத்தை நாடுவதில்லை. ஆயினும் நம் நாட்டில் எளிய மனிதன் நாள்தோறும் தீர்ப்பு உரைத்துப் பழகும் இடம் கிரிக்கெட் களமே ஆகும். நடுவர் விரலை உயர்த்தியது சரியா, பயிற்சியாளர் கண்டித்தது முறையா, தேர்வுக்குழு ஒருவரை விலக்கியது அறமா என்று தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலும் வழக்காடாதவர் எவர்? அவ்வாறு பிறர் நடுவுநிலைமையை எடைபோடும் நம்மிடம் நடுவுநிலைமை உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

திருக்குறளில் நடுவு நிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது செய்ந்நன்றி அறிதல். இவ்வரிசைக்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. நமக்கு நன்மை செய்தவரை நினைக்குமிடத்து நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்று உணர்த்தவே நன்றியறிதலை அடுத்து இது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. பகைமைதான் நீதியைக் கெடுக்கும் என்று நாம் எண்ணியிருக்க, நன்றியும் அன்பும்கூட அதனைக் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார் உரையாசிரியர். கிரிக்கெட் அன்பர்களின் நோய் இதுவே. நமக்கு மகிழ்ச்சி தந்த வீரரிடம் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆகவே அவர் செய்வதெல்லாம் சரியென்று காண்கிறோம்.

இந்நோய்க்கு மருந்தாக ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரலாம். 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே அரங்கில் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட் நடைபெற்றது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் பத்ராவதியில் பிறந்த ஜி. ஆர். விசுவநாத். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த வேளையில், பாப் டெய்லர் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்து ஆட்டமிழந்தார் என்று நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விசுவநாத், டெய்லரைத் திரும்ப அழைக்குமாறு நடுவரை வேண்டினார். அதன்பின் டெய்லரும் இயான் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். முடிவில் இந்தியா 10 விக்கெட் வேறுபாட்டில் தோற்றது.

இங்கே ஒரு தடை எழும். தலைவர் ஒருவரின் அறவுணர்வுக்கு அணி முழுவதும் விலை கொடுக்கலாமா? பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்வது அறமாகுமா? தடை வலிமையுடையதே. ஆனால் அந்த விக்கெட் இந்திய அணியின் பொருளே அன்று; தவறிக் கைக்கு வந்த பிறர் பொருள். அதைத் திருப்பித் தருவது ஈகை அன்று, கடமை. தோல்வியைக் கொண்டு அச்செயலை இகழ்வோர், வென்றிருந்தால் அதனையே புகழ்ந்திருப்பர். பயனை நோக்கி நிறம் மாறும் தீர்ப்பு, தீர்ப்பு ஆகாது.

பொறிகள் வந்துவிட்ட இக்காலத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை என்பர் சிலர். இந்திய வாரியம் நெடுநாள் தயங்கிய மறுபரிசீலனை முறை 2016இல் நம் மண்ணில் நடந்த டெஸ்ட் தொடரிலும் இடம்பெற்றது. ஆனால் மறு ஆண்டு மார்ச்சில் பெங்களூர்ச் சின்னசாமி அரங்கில் நடந்தது என்ன? கால்மறிப்பில் ஆட்டமிழந்ததாகத் தீர்ப்புப் பெற்ற ஆஸ்திரேலியத் தலைவர் ஸ்டீவ் ஸ்மித், மறுபரிசீலனை கேட்கலாமா என்று அறிய வீரர் அறையை நோக்கினார். விதி அதற்கு இடந்தராமையால் நடுவர் தடுத்தார். பந்து சென்ற வழியைப் பொறி காட்டும். மனம் செல்லும் வழியைக் காட்டுமோ? அன்று ஸ்மித்தை இகழ்ந்த நாம், நம் வீரர் அவ்வாறு நோக்கியிருந்தால் அதே சொற்களைக் கூறியிருப்போமா?

இனித் தேர்வு. பெங்களூரில் வளர்ந்த கருண் நாயர் 2016 டிசம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்டில் அவருக்கு முன் முச்சதம் கண்ட இந்தியர் சேவாக் ஒருவரே. எனினும் அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை. காயத்தால் விலகியிருந்த ரகானே மீண்டதும் இடம் அவருக்கே சென்றது. ஈராண்டு உழைப்பை ஓர் ஆட்டம் அழித்துவிடாது என்பது தலைவர் கோலி கூறிய காரணம். அக்காலத்துப் பயிற்சியாளர் அனில் கும்ப்ளேயும் பெங்களூர்க்காரரே. ஆதலின் ஊர்ப்பகை என்று பழிக்கவும் வழியில்லை. காரணம் கசந்தாலும் அது காரணமே. ஆனால் 2018இல் இங்கிலாந்து சென்ற அணியில் கருண் தொடக்கம் முதல் காத்திருக்க, பின்னர் அழைக்கப்பட்ட அனுமா விகாரி இறுதி டெஸ்டில் ஆடினார். விகாரி தகுதியற்றவர் அல்லர்; காத்திருந்தவரைக் கடந்து சென்றதே நெஞ்சை உறுத்துகிறது. கருண் மீண்டும் டெஸ்ட் ஆடியது 2025இல்தான். அரசு அலுவலகத்தில் காரணம் எழுதாமல் கோப்பு நகராது என்பதை எம்போன்ற எழுத்தர்கள் அறிவோம். ஒருவர் வாழ்வை மாற்றும் முடிவுக்கும் அந்த ஒரு வரி உரியதன்றோ?

பயிற்சியாளர் நிலையோ இன்னும் இக்கட்டானது. கும்ப்ளே 2017 ஜூனில் பதவி விலகினார். தம் வழிமுறை குறித்துத் தலைவருக்கு மனத்தடை இருப்பதாக வாரியம் தெரிவித்தது என்று அவரே அறிக்கையில் கூறினார். மாணாக்கர் உவக்கும்வரையே ஆசிரியர் நிலைக்கலாம் என்றால், கசப்பு மருந்து தருவோர் யார்?

பெங்களூர்த் தமிழராகிய நமக்கு இப்பயிற்சி மிகவும் தேவை. 1971இல் இங்கிலாந்தில் நம் அணி தொடரை வென்றபோது, சென்னையின் வெங்கட்ராகவன் ஆடினார். பெங்களூரின் பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்டிலும் வாய்ப்பில்லை. பிறந்த மண்ணுக்காக மகிழ்வதா, வாழும் மண்ணுக்காக வருந்துவதா? இரண்டும் செய்யலாம்; இரண்டு அன்புடையவன் ஒரு பக்கமே சாய்ந்து நிற்க இயலாது. 57 டெஸ்ட் ஆடிய அதே வெங்கட்ராகவன், பின்னர் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்று உலகம் போற்ற விளங்கினார். ஓர் அணிக்காக உழைத்த நெஞ்சமும் நடுவுநிலைக்குப் பழகும் என்பதற்கு அவரே சான்று.

ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணற்க. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் தமிழர் பட்ட துயரை நாம் அறிவோம். அத்தகைய வேளைகளில் நடுவுநிலைமை திடீரென முளைக்காது. சிறு செயல்களில் வளர்த்ததே பெருந்துன்பத்தில் கைகொடுக்கும். தீர்ப்பு உரைக்குமுன் இரு பக்கத்துப் பெயர்களையும் மாற்றிவைத்துப் பார்ப்போம். அப்போதும் நம் சொல் மாறாதிருந்தால் அதனை உரக்கச் சொல்வோம்; மாறுமெனில் சற்றே வாய் மூடியிருப்போம்.