பிரஷர் மிஷினுக்குப் பயப்படுகிறவர்களே!

திண்டுக்கல் சந்தைக்குப் போய், 18 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் குலுங்கி சிறுமலை வீட்டுக்கு வந்து, வந்த கையோடு பிரஷர் மிஷினைக் கட்டினால் 160 காட்டாமல் என்ன செய்யும்? உடனே மறுபடி கட்டுகிறோம். 170! நடுங்கிக்கொண்டே மூன்றாம் தரம். பயமே பிரஷரை ஏற்றும், பிரியமானவர்களே.

காபி குடித்து அரை மணி நேரம் ஆகட்டும். 5 நிமிஷம் சாய்ந்து உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். (ஜெபமும் மனதுக்குள்ளேதான்!) ஒரு நிமிஷம் விட்டு 2 தரம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரச் சராசரி 135/85-ஐத் தாண்டினால் நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

அளவு நன்றாக வந்ததும், "விசுவாசிக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஐயோ, அந்த மாத்திரையால்தானே அளவு இறங்கியது! லூக்காவும் வைத்தியர்தானே? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையை வீடு தேடியே கொடுக்கிறார்கள்.

ஆனால் 180/120-க்கு மேல் காட்டி, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, வாய் கோணலோ, ஒரு பக்கம் கை கால் விழுவதோ இருந்தால், ஜெபக்குழுவுக்கு ஆள் அனுப்புமுன் 108-ஐக் கூப்பிடுங்கள். மலை இறங்க நேரமாகும். வண்டியில் ஜெபித்துக்கொண்டே போகலாம்.