இளையோர்க்கு அடைக்கலமாதல் சிவபுண்ணியமே

சிவமயம்



சீவகாருணியம் என்னுஞ் சொல்லை நாம் பெரும்பாலும் புலாலுண்ணாமைக்கே உரியதாக வைத்துப் பேசுகின்றோம். அதுவும் அதன்கண் அடங்கும். ஆயின் அஃதொன்றே அதன் எல்லையன்று. வாயிலில் வந்து நிற்கும் மனித உயிர்க்கு இரங்காதான், ஆட்டுக்கும் கோழிக்கும் இரங்கிப் பெறும் பேறு யாது? இவ்வினாவை என்னுள் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதனை முதற்கட் கூறிப் பின்னர்ச் சாத்திரப் பொருளை ஆராய்வேன்.

பல்லாண்டுகட்கு முன் அடியேன்பால் திருமுறை பயின்றோருள் ஒரு பிள்ளை பண்ணிசையில் ஏனையோரை விஞ்சி நின்றது. பதினைந்து வயதளவில் அப்பிள்ளையின் நடையும் மொழியும் பெண்மைச் சாயல் பெற்றன. உடன் பயில்வோர் நகைத்தனர், தந்தையார் அடித்தார். ஒரு நாள் மாலை முகம் வீங்கி வந்து, 'ஐயா, இன்றிரவு இங்கே படுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டது. 'வீட்டிற்குப் போ, அப்பா சொற்படி நட' என்று கூறி அனுப்பிவிட்டேன். மறுநாள் அப்பிள்ளை வரவில்லை. பின்னர் எந்நாளும் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, புகைவண்டியிற் காசு வேண்டி வந்த திருநங்கையருள் ஒருவர், என்னைக் கண்டதும் நீட்டிய கையை மடக்கித் தலைகுனிந்து அப்பாற் சென்றார். அவர் யாரென்று அறிந்துகொண்டேன். நெற்றியில் நீறு இருந்தது. அன்று யான் வழங்கியது ஓர் உபதேசம்; வழங்காது விட்டது ஒரு பாய்.

இனி, இதன்கண் நம் சித்தாந்தம் கூறுவது என்னையெனின்: ஆண் பெண் என்னும் வேறுபாடு மாயையின் காரியமாகிய உடம்பின்கண்ணது, உயிரின்கண்ணதன்று. உயிரின் அறிவை மறைத்து நிற்பது ஆணவம். அம்மறைப்பு நீங்குதற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவிகளே தனு கரண புவன போகங்கள். அக்கருவிகள் எல்லார்க்கும் ஒருபடித்தாகவே அமைதல் வேண்டும் என்று அவனுக்கு விதி வகுக்க நாம் யார்? ஆண், பெண், அலி என்னும் மூன்றனுள் ஒன்றாகச் சுட்டப்படாதவனாயும், அருளால் அம்மூன்றுமாய் நிற்பவனாயும் இறைவனைத் திருமுறைகள் போற்றுகின்றன. ஆண்டு வணக்கத்தோடு வரும் அச்சொல்லைத் தெருவில் வசைமொழி ஆக்கினவர் நாமே. திருச்செங்கோட்டில் ஒரு திருமேனியில் இருபாகமாய் நிற்கும் அம்மையப்பரைத் தொழுது இறங்கி வருவோர், மலையடியில் ஒரு திருநங்கையைக் கண்டு முகஞ் சுளித்தல் எங்ஙனம் பொருந்தும்?

'இஃது அவரவர் வினைப்பயன்; இதனிடை நாம் புகலாமோ?' என்று ஒருசாரார் தடை நிகழ்த்துவர். அற்றன்று. வினைப்பயனைக் கூட்டுபவன் இறைவனே. தண்டிக்குந் தொழிலை அவன் நம்மிடம் ஒப்புவித்திலன். ஒரு பிள்ளை அடியுண்டு நிற்றல் அதன் பிராரத்தமென்றே கொள்ளினும், கதவடைத்தல் நமக்கு ஆகாமியமாய் ஏறும். மருணீக்கியார் சூலைநோயோடு திருவதிகை வந்தடைந்த ஞான்று, திலகவதியம்மையார் 'இது நின் வினை' என்று வாயிலடைத்தாரல்லர். தம் சமயத்தை விட்டுச் சென்ற அத்தம்பிக்குத் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். அன்று அக்கதவு அடைபட்டிருப்பின் நாவுக்கரசர் திருவாக்கு நமக்கு ஏது?

'பெற்றோர் செயலிற் பிறர் தலையிடுதல் முறையோ?' என்பது மற்றொரு தடை. சேய்ஞலூரில் விசாரசருமர் இளம்பிள்ளையாய்ச் சிவபூசை செய்திருந்தபோது, அவரை அடித்துப் பாற்குடத்தை இடறியவர் பெற்ற தந்தையே. அப்பிள்ளைக்கு இனித் தானே தந்தையென்று இறைவன் எடுத்தணைத்தான். தந்தைமை என்பது காத்தலால் வருவதேயன்றிக் கோலால் வருவதன்று.

நாட்டு முறையும் இவ்வறத்தோடு மாறுபடவில்லை. தமிழ்நாட்டு அரசு 2008-ஆம் ஆண்டிலே திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்துரைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. இத்தகையோரை வீட்டினின்றும் வெளியேறக் கட்டாயப்படுத்துதல் 6 திங்கள் முதல் 2 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமென்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. மருத்துவத்தால் இவர்தம் இயல்பை மாற்ற முயலுதலைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் விலக்கியது. ஆயினும் நள்ளிரவிற் கதவு திறத்தல் சட்டத்தால் ஆவதன்று; அஃது அண்டையிலுள்ளார் செய்யற்பாலது.

ஆதலின், மடங்களையும் சைவ சபைகளையும் நடத்தும் பெரியோர்கள்பால் அடியேன் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். திருமுறை வகுப்பில் ஒரு பிள்ளையின் நடையையோ குரலையோ இகழ்வாரை ஆசிரியர் அப்பொழுதே கண்டித்தல் வேண்டும். அஞ்சி வரும் பிள்ளைக்கு முதலில் உணவும் இடமும் அளித்துப் பின்னரே வினவுக. 18 ஆண்டு நிரம்பாதவராயின் மறைத்து வைத்தல் ஆகாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துள் குழந்தைகள் நலக்குழுவுக்கோ, காவல் நிலையத்துக்கோ, 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ அறிவித்தல் கடமை. அது பிள்ளைக்கும் காவல், இடமளித்தார்க்கும் காவல். பின்னர்ப் பெற்றோரைக் கண்டு பேசுக. ஊரார் நாவுக்கு அஞ்சியே அடிக்குந் தந்தையர் பலர். 'இப்பிள்ளை எங்கள் வகுப்பிலேயே இருக்கட்டும். படிப்பு நின்றுவிடலாகாது' என்று ஊர் மதிக்கும் பெரியவர் ஒருவர் சொல்வாராயின், அந்நாக்கள் பெரும்பாலும் அடங்கும். அன்று யான் அத்தந்தையார் வீட்டுக்கு நடந்து சென்று இச்சொல் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனல்லேன்.

குருபூசை நாட்களில் ஆயிரம் இலை போடுகின்றோம். அப்பந்தியில் இவர்களை வேறிடத்து இருத்தாது நம்மோடு ஒருங்கு அமர்த்துவோமாக. இன்று என் இல்லத்து உள்ளறையில் ஒரு பாயும் ஒரு தலையணையும் எப்பொழுதும் இருக்கின்றன. அப்பிள்ளை இனி வரப்போவதில்லை. வேறொரு பிள்ளை வரக்கூடும். அப்பொழுதேனும் அடியேன் வாயிலிருந்து உபதேசம் முந்தாமல், கை சென்று கதவைத் திறக்க அம்மையப்பர் அருள்புரிக.

திருச்சிற்றம்பலம்