ஈரத் தானியமும் இழைத் தூளும்

வியாபாரச் சகோதரர்களே!

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டிய வரலாற்றை நாம் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் மழையில் நனைந்ததைக் குறை கூறவில்லை. நனைந்ததை மேலே வைக்காமல், வாங்குவோர் கண்ணுக்கு மறைத்ததையே கண்டித்தார்கள்.

நம் துணிக்கடைகளில் அடுக்கியுள்ள சரக்குக்கும் இப்படி ஓர் அடிப்பக்கம் உண்டு. பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் யாவும் பிளாஸ்டிக் நூல்களே. துவைக்குந்தோறும் இவற்றிலிருந்து நுண்ணிய இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உதிரக்கூடும். பாலியெஸ்டரில் சுமார் 5 லட்சம். பருத்தி கலந்த பாலியெஸ்டரில் சுமார் 1,38,000. சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டாலும், தப்பியது கடல் சேர்ந்து மீன் வயிற்றில் புகுகிறது. பருத்தி மக்கி மண்ணாகும். பிளாஸ்டிக்கோ பொடிந்து பொடிந்து இன்னும் நுண்மையாகும். 2022-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மனித இரத்தத்திலேயே பிளாஸ்டிக்கைக் கண்டார்கள்.

ஆகையால் பாலியெஸ்டர் விற்பது ஹராம் என்று சொல்ல நான் ஆலிம் அல்லன். ஏழை தன் மானத்தை மறைக்க அது மலிவாகக் கிடைக்கிறது என்பதும் மெய்தான். ஆனால் கலப்புக் கைலியைச் சுத்தப் பருத்தி என்று சொல்லி விற்பது என்ன? அதுதான் சகோதரர்களே, அடியில் மறைத்த ஈரத் தானியம்!

“பக்கத்துக் கடைக்காரர் சொல்லாதபோது நான் மட்டும் சொன்னால் வாடிக்கை போய்விடுமே” என்று சிலர் கேட்கலாம். நம் ரிஜ்கை அளப்பவன் அல்லாஹ். பக்கத்துக் கடைக்காரர் அல்லர்.

துணியில் என்ன நூல் இருக்கிறதென்று உள்ளபடி சொல்வோம். பருத்தியையும் கண்ணில் படும்படி வைப்போம். பாலியெஸ்டர் வாங்குவோரிடம், “அழுக்கானால் மட்டும் துவையுங்கள், இயந்திரம் நிறையத் துணி சேர்த்து, பச்சைத் தண்ணீரில், குறைந்த நேரம் துவையுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்வோம். அதற்குக் காசு செலவில்லை. ஒளுச் செய்யும்போதுகூடத் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்ற நாம், அத்தண்ணீரைக் கெடுப்பதைப் பாராமுகமாய் விடலாமா?

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தராசிலும் நாவிலும் நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.